புயலுக்குள் போகும் பாய்மரப் படகு: கம்ப்யூட்டர் சொல்வதும் சொல்லாததும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், நாளைக்கு மழை வருமா என்று வானிலைத் தளத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். அந்தத் திரையில் 'காற்று 50' என்று ஓர் எண் தெரிகிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்கிறீர்களா? சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே 2024 டிசம்பர் வரை யோசித்ததில்லை. அந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும் என்பதை ஒரு படகுப் பந்தயத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். கற்றதை இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

அப்போது கம்பெனி வேலையாக ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருந்தேன். பக்கத்து பிளாட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். இளமையில் சிட்னி-ஹோபார்ட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டு முறை போய் வந்தவர். கிறிஸ்துமஸ் லீவில் பொழுது போகாமல், அந்தப் பந்தயத்தில் ஒரு படகு எந்த வழியாகப் போகும் என்று என் லேப்டாப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலவச சாப்ட்வேர், இலவச வானிலை பைல். பத்து நிமிடத்தில் சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை அழகான ஒரு கோடு வரைந்து கொடுத்துவிட்டது. பெருமையாக அவரிடம் காட்டினேன்.

"14 மணி" என்று எழுதியிருந்த படத்தைக் காட்டி, "மதியம் 2 மணிக்குக் காற்று இப்படி இருக்கும்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது கிரீன்விச் நேரம். இங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. படகில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு இருப்பார்கள்" என்றார். பிறகு, "இந்தக் காற்று சராசரியா, வீச்சா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டிசம்பர் 26 மதியம் 1 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. துறைமுக வாயிலில் இருக்கும் சவுத் ஹெட் என்ற முனையில் நின்று இருவரும் பார்த்தோம். வெள்ளைப் பாய்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே திரும்பி மறைந்தன. மறுநாள் காலை செய்தியைத் திறந்தால், வெவ்வேறு படகுகளில் இருந்த இரண்டு பேர் இரவில் இறந்துபோயிருந்தார்கள். பாயைத் தாங்கும் கட்டையும் அதை இழுக்கும் கயிறும் வேகமாகத் திரும்பியதில் அடிபட்டவர்கள். இன்னொரு படகிலிருந்து ஒருவர் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, நல்லவேளையாக மீட்கப்பட்டார். முந்தின நாள் நான் வரைந்த கோடு இன்னும் லேப்டாப்பில் இருந்தது. அதே கடலின் மேல், எந்தக் கஷ்டமும் தெரியாமல், வழுவழுவென்று போயிருந்தது.

அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

என்ன பந்தயம் இது?

1945ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் தேதி சிட்னியில் புறப்பட்டு, தெற்கே டாஸ்மேனியா தீவில் இருக்கும் ஹோபார்ட் நகரை அடைய வேண்டும். தூரம் 628 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆக, ஏறக்குறைய 1,163 கிலோமீட்டர். கடலில் வேகத்தை 'நாட்' என்ற அலகில் சொல்வார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் வரும்.

வழியில்தான் வம்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே பாஸ் நீரிணை என்ற கடல் பகுதி. இதன் ஆழம் சராசரியாக 60 மீட்டர்தான். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் பெரிய அலைகள் ஆழ்கடலை விட்டு இந்த மேட்டில் ஏறும்போது செங்குத்தாக எழுகின்றன. கிழக்குக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக ஒரு வெப்ப நீரோட்டமும் ஓடுகிறது. தெற்கிலிருந்து காற்று அடித்தால் காற்றும் நீரோட்டமும் நேருக்கு நேர் மோதும். அலைகள் இன்னும் நெருக்கமாகவும் கூர்மையாகவும் ஆகிவிடும். உயரமான அலையைவிட, செங்குத்தாக எழுந்து உடையும் அலைதான் படகுக்கு எமன்.

1998இல் நடந்தது என்ன?

1998 டிசம்பர் 26 அன்று 115 படகுகள் புறப்பட்டன. முந்தைய நாட்களில் வெவ்வேறு நாடுகளின் வானிலை மாடல்கள் வெவ்வேறு படம் காட்டின. கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. படகுகள் கிளம்பிய பிறகுதான், அதே மதியம், வானிலைத் துறை எச்சரிக்கையை 'பலத்த காற்று' நிலையிலிருந்து 'புயல்' நிலைக்கு உயர்த்தியது. மறுநாள் பாஸ் நீரிணையில் மிகத் தீவிரமான காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 70 நாட்டுக்கு மேல் காற்று வீசியதாகப் படகுகள் ரேடியோவில் தெரிவித்தன.

முடிவு: 115இல் 44 படகுகள் மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. 5 படகுகள் மூழ்கின. 55 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலரை ஹெலிகாப்டர்கள்தான் கயிறு இறக்கித் தூக்கின. 6 பேர் இறந்தார்கள்.

கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஆண்டு முதலில் கரை சேர்ந்த 'சயோனாரா' என்ற பெரிய படகின் உரிமையாளர், ஆரக்கிள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான லாரி எலிசன். படகின் அளவை வைத்து நேரத்தைத் திருத்திக் கணக்கிடும் முறையில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றதோ வெறும் 35 அடி நீளமுள்ள 'மிட்நைட் ராம்ப்ளர்' என்ற சிறிய படகு. பெரிய படகுகள் பல திரும்பிப் போன இடத்தில் அது அலைகளைச் சாய்வாக எதிர்கொண்டு தெற்கே போய்விட்டது.

பின்னர் நடந்த மரண விசாரணையின் அறிக்கை 2000 டிசம்பரில் வெளிவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. முன்னறிவிப்பில் சொல்லப்படும் எண்களைப் படகோட்டிகளில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். '50 நாட்' என்றால் அதிகபட்சமே 50 என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியும் இதுதான்!

50 என்றால் 50 அல்ல

முன்னறிவிப்பில் வரும் காற்றின் வேகம், 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுத்த சராசரி. காற்று ஒரே சீராக வீசாது. குறையும், திடீரென்று ஏறும். சில விநாடிகள் ஏறி அடிப்பதை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் அறிக்கைகளிலேயே சொல்கிறது: வீச்சு சராசரியைவிட 40 சதவீதம் வரை அதிகமாக இருக்கலாம்.

கணக்குப் போடுவோம். சராசரி 50 நாட், அதாவது மணிக்கு சுமார் 93 கிலோமீட்டர். வீச்சு 50 பெருக்கல் 1.4, அதாவது 70 நாட். மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர்.

20 நாட்தானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். காற்று பாயின் மேல் செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 50ஐ 50ஆல் பெருக்கினால் 2,500. 70ஐ 70ஆல் பெருக்கினால் 4,900. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சராசரிக்கு ஏற்றபடி பாயைக் கட்டியவர், அந்தச் சில விநாடிகளில் இரண்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டும்.

அலையின் உயரம்: எக்செல்லில் ஒரு சின்னப் பரிசோதனை

அலைக்கும் இதே கதைதான். முன்னறிவிப்பில் 'அலை உயரம் 5 மீட்டர்' என்று வந்தால், எல்லா அலைகளும் 5 மீட்டர் என்றும் பொருள் இல்லை, அதிகபட்சம் 5 மீட்டர் என்றும் பொருள் இல்லை. வரும் அலைகளை உயர வரிசையில் நிறுத்தி, மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வருவதே அந்த எண்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் காலத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இந்த ஒன்பது எண்களை டைப் செய்யுங்கள்: 2, 4, 1, 3, 6, 1, 5, 2, 3. இவை ஒன்பது அலைகளின் உயரம், மீட்டரில். எண்களை மவுசால் இழுத்துத் தேர்வு செய்து, 'டேட்டா' மெனுவில் 'சார்ட்' கட்டளை கொடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். மேலே 6, 5, 4 வந்து நிற்கும்.

இப்போது அந்த மூன்று செல்களை மட்டும் தேர்வு செய்யுங்கள். எக்செல் திரையின் அடியில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். சராசரி 5 என்று காட்டும். ஒன்பதையும் தேர்வு செய்தால் சராசரி 3. ஆக, முன்னறிவிப்பு சொல்வது 5 மீட்டர். பொதுவான சராசரி 3 மீட்டர். பெரிய அலையோ 6 மீட்டர். மூன்றும் ஒரே கடல்தான்.

இது ஒன்பதே அலைகள். 10 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஒரு மணி நேரத்தில் 360 அலைகள். மூன்று மணி நேரத்துக்குள் ஆயிரம் அலைகள் வந்துவிடும். ஆயிரம் அலைகளில் மிகப் பெரியது, முன்னறிவிப்பு எண்ணைவிட ஏறக்குறைய 1.86 மடங்கு இருக்கும் என்று புள்ளியியல் சொல்கிறது. 5 மீட்டர் என்று சொல்லப்பட்ட கடலில் 9 மீட்டருக்கு மேல் ஓர் அலை வரும். அது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். எப்போது வரும் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும்.

படகு எவ்வளவு தாங்கும்? 1979இல் இங்கிலாந்து, அயர்லாந்து கடலில் நடந்த பாஸ்ட்நெட் பந்தயத்தையும் இதேபோல் புயல் தாக்கியது. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மாதிரிப் படகுகளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். படகின் நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தாலே சில படகுகள் கவிழும். 60 சதவீதம் என்றால் எந்தப் படகும் தப்பாது என்பது தெரிந்தது. 12 மீட்டர் படகுக்கு அது 3.6 மீட்டரும் 7.2 மீட்டரும். மேலே போட்ட 9 மீட்டர் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிரிப் பைல் என்றால் என்ன?

நடுக்கடலில் இருப்பவருக்கு வானிலை எப்படிக் கிடைக்கிறது? 'கிரிப்' என்ற வகை பைலாகக் கிடைக்கிறது. நீங்கள் டிவியில் பார்ப்பது போன்ற படம் இல்லை இது; வெறும் எண்கள். கடலின் மேல் ஒரு கட்டம் போட்ட நோட்டுத்தாளை விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் காற்று எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்ற எண் எழுதப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் ஜி.எப்.எஸ் என்ற வானிலை மாடலை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். தினமும் நான்கு முறை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. 16 நாட்கள் வரை முன்னறிவிப்பு கிடைக்கும். இலவசமாகக் கிடைப்பதில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி கால் டிகிரி. அதாவது அதிகபட்சம் 28 கிலோமீட்டர்.

காற்றுக்கு இரண்டு எண்கள். கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் நினைவிருக்கிறதா? ஒன்று 30, மற்றது 40 என்றால், மொத்தக் காற்று 50. இந்தக் கணக்கைப் போட்டு அம்புக்குறி வரைவது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சாப்ட்வேரின் வேலை.

பைல் எவ்வளவு பெரியது? பத்து டிகிரிக்குப் பத்து டிகிரி கடல் பகுதி என்றால் 41 பெருக்கல் 41, அதாவது 1,681 புள்ளிகள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என மூன்று நாட்களுக்கு 25 படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். மொத்தம் 84,050 எண்கள். ஓர் எண்ணுக்கு 2 பைட் என்றால் சுமார் 168 கிலோபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சிறியது. இரிடியம் சாட்டிலைட் போனில் டேட்டா வேகம் விநாடிக்கு 2,400 பிட்தான். அதில்கூடப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் இதன் குறையையும் பாருங்கள். 28 கிலோமீட்டர் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பது பைலில் இல்லை. அதற்குள் ஓர் இடி மேகம் வந்து பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போனால், அது கட்டத்தின் சராசரியில் கரைந்துபோகும். மலை முனை, தீவு இவற்றைச் சுற்றி வளைந்து வேகம் பிடிக்கும் காற்றும் அப்படித்தான். போட்டோவைச் சின்னதாக்கினால் முகம் மங்கிவிடுவதைப் போல.

இன்னொன்று, நேரம். கிரிப் பைலில் எல்லாமே கிரீன்விச் நேரம். நம் நாட்டுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். டிசம்பரில் சிட்னிக்கு 11 மணி நேரம். நான் செய்த தவறு இதுதான். சில சாப்ட்வேர்களில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வசதி செட்டிங்கில் இருக்கும். மாற்றிவிட்டோமா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்று எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் வந்தால் படகு எவ்வளவு வேகம் போகும் என்று ஓர் அட்டவணை இருக்கும். இதைப் 'போலார்' என்பார்கள். நம் ஊர் பஸ் டைம்டேபிள் மாதிரி ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல்தான்.

சாப்ட்வேர் செய்வது இது. முதலில் புறப்படும் புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரு மணி நேரம் போனால் படகு எங்கெங்கே இருக்கும் என்று புள்ளிகள் வைக்கும். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்த மணி நேரம். அப்போது கிரிப் பைலில் காற்றும் மாறியிருக்கும். இப்படிக் கோட்டுக்கு மேல் கோடாக, குளத்தில் கல் போட்டால் வட்டம் விரிவதைப் போல விரிந்துகொண்டே போகும். ஏதாவது ஒரு கோடு ஹோபார்ட்டைத் தொட்டவுடன், வந்த வழியே திரும்பிப் போய்ப் பாதையை வரையும். கூகுள் மேப்பும் வழி தேடுகிறது. ஆனால் அதில் சாலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இங்கே சாலையே ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. நான் ஏமாந்ததும் இந்த அழகில்தான். போலார் அட்டவணை, படகு தன் முழு வேகத்தில் போகும் என்று எடுத்துக்கொள்கிறது. 40 நாட் காற்று வந்தால் நல்ல வேகம் கிடைக்கும் என்று மகிழ்ந்து, நேராகப் புயலுக்குள் கோடு போட்டுவிடும். அலை அடித்து வேகம் குறைவது, இருட்டில் பாயைச் சுருட்டுவது, வாந்தி எடுத்துப் படுத்திருக்கும் ஆள், இவை எதுவும் அந்த அட்டவணையில் இல்லை. அதனால் இத்தகைய சாப்ட்வேர்களில் 'இத்தனை நாட்டுக்கு மேல் காற்று இருக்கும் இடத்துக்குப் போகாதே' என்று எல்லை வைக்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலேயே ஓகே பட்டனை அழுத்தியிருந்தேன்.

புயலில் படகுக்குள் என்ன நடக்கும்?

பெரியவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். காற்று ஏறுவதற்கு முன்பே பெரிய பாயை இறக்கிவிட்டு, பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் சிறிய புயல் பாயைக் கட்டிவிடுவார்கள். ஏறிய பிறகு மாற்றப் போனால் ஆள் போய்விடுவான். மேலே இருப்பவர்கள் இடுப்பு வாரிலிருந்து ஒரு நாடாவைப் படகோடு கொக்கி போட்டு மாட்டிக்கொள்வார்கள். உள்ளே போகும் வாசலைப் பலகை போட்டு அடைப்பார்கள். சுக்கான் பிடிப்பவர் ஒவ்வோர் அலையையும் பார்த்து, பக்கவாட்டில் வாங்காமல், சாய்வாக ஏறி முதுகைத் தாண்ட வேண்டும். இரவில் அலை தெரியாது. இரைச்சலை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

காற்று பின்னாலிருந்து வீசும்போது வேறொரு ஆபத்து. படகு சில டிகிரி விலகினாலும் காற்று பாயின் மறுபக்கம் புகுந்துகொள்ளும். பாயின் அடியில் இருக்கும் நீளமான கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரு விநாடியில் வீசிப் பாயும். கூடவே கயிறும். வழியில் தலை இருந்தால் அவ்வளவுதான். "பாய்மரப் படகில் அந்தக் கட்டைக்குத்தான் முதல் மரியாதை" என்பார் பெரியவர்.

இப்போதெல்லாம் பாஸ் நீரிணைக்குள் நுழையும் முன், கிரீன் கேப் என்ற முனைக்கு அருகே ஒவ்வொரு படகும் ரேடியோவில் பேசி, 'படகும் ஆட்களும் தொடர்ந்து போகும் நிலையில் இருக்கிறோம்' என்று உறுதி சொல்ல வேண்டும். 1998க்குப் பிறகு வந்த விதி. நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பைலை அழிக்கும் முன் கம்ப்யூட்டர் 'நிச்சயமா?' என்று கேட்கிறதே, அது மாதிரி. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்வதுதான் முக்கியம்.

ஆளைக் கண்டுபிடிக்கும் சின்னப் பெட்டி

எல்லாம் கைமீறிப் போனால் கடைசியாக இருப்பது அவசர பீக்கன். தண்ணீர் பாட்டில் அளவுள்ள ரேடியோ. இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சாட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் போன் நம்பர் போலத் தனி எண் உண்டு. பதிவு செய்து வைத்திருந்தால், யாருடைய படகு என்று உடனே தெரிந்துவிடும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்கள் சத்தம் மட்டுமே போட்டன. யார் என்று சொல்லாது. சாட்டிலைட்டுகள் அதைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்திவிட்டார்கள். 2024இல் அலையில் அடித்துச் செல்லப்பட்டவரும் உடலில் சிறிய பீக்கன் ஒன்றை அணிந்திருந்தார்.

நம் நாட்டுக்காரர் ஒருவரின் கதையும் இதில் இருக்கிறது. கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2018இல் கோல்டன் குளோப் என்ற உலகைச் சுற்றும் தனி ஆள் பந்தயத்தில் போனார். அதில் ஜி.பி.எஸ் பார்த்து வழி தேடக் கூடாது. பழைய காலம்போல் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்துதான் போக வேண்டும். அவருடைய 'துரியா' கோவாவில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே 70 நாட் காற்றிலும் சுமார் 14 மீட்டர் அலையிலும் சிக்கி, பாய்மரம் முறிந்து, அவர் முதுகில் பலத்த காயம்பட்டது. எழுந்திருக்கவே முடியவில்லை. படுத்தபடியே சாட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பினார். படகில் இருந்த கருவி இடத்தைக் காட்டிக்கொடுத்தது. இந்தியக் கடற்படை விமானம் பறந்துபோய்ப் படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே மனிதர் 2022 செப்டம்பரில் மறுபடி அதே பந்தயத்தில் கிளம்பி, 2023இல் இரண்டாவதாக வந்தார்!

வழி காட்ட எலக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்று வைத்த பந்தயத்தில்கூட, உயிர் காக்க வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நீங்களும் பார்க்கலாம்

இதற்குக் கடலுக்குப் போக வேண்டாம். பிரவுசரைத் திறந்து 'விண்டி' என்று தேடுங்கள். உலக வரைபடத்தின் மேல் காற்று ஓடுவது தெரியும். பக்கத்தில் இருக்கும் மெனுவில் 'காற்று' என்பதைப் பார்த்துவிட்டு, அடுத்து 'காற்று வீச்சு' என்பதைக் கிளிக் செய்யுங்கள். அதே இடம், அதே நேரம். நிறம் எப்படி மாறுகிறது பாருங்கள். பிறகு 'அலைகள்'. கீழே மாடலை மாற்றும் இடத்தில் ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால், இரண்டில் நல்லதை நம்பாமல் மோசமானதற்குத் தயாராக இருப்பதே புத்திசாலித்தனம்.

கொஞ்சம் பழகியவர்கள் 'ஓப்பன் சி.பி.என்' என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். கிரிப் பைலைத் திறக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வழி கண்டுபிடிக்கும் வசதியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தால், எல்லை வைக்கும் கட்டத்தை என்னைப்போல் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர் வானிலை அறிக்கையில், 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த 'இடையிடையே' என்ற சொல்லை நான் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அதுதான் வீச்சு. சராசரியும் வீச்சும் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கிறார்கள். 1998இல் பலருக்குப் புரியாமல் போனதும், பெரியவர் என்னிடம் கேட்டதும் அந்த ஒரு சொல்தான்.

சிட்னியை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கோட்டை மறுபடி கணக்கிட்டேன். இந்த முறை நேரத்தைத் திருத்தி, 30 நாட் எல்லை வைத்தேன். கோடு வளைந்து வளைந்து போனது. ஹோபார்ட் சேரப் பல மணி நேரம் கூடுதல் என்றது. பெரியவர் பார்த்துவிட்டு, "இப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாய்" என்றார். கம்ப்யூட்டர் நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். அடுத்த முறை வானிலைத் தளத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது சராசரியா, வீச்சா, எந்த ஊர் நேரம் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.